ஐம்பதிற்குப் பின் நடை

(நம் சங்கத்தின் ஆண்டுவிழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஐம்பது ஆண்டு நிரம்பியோர் உடலைத் தொழிற்படுத்தி, வீட்டிற்கு வெளியே காற்றும் ஒளியும் நுகர்ந்து வாழும் வகை குறித்துப் பேசுமாறு செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தனர். எமக்கு இன்னும் ஐம்பது நிரம்பவில்லை. ஆயினும் பள்ளியிற் கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டார்க்குத் தாம் அடையாத பருவத்தைப் பற்றியும் பேசும் துணிவு எவ்வாறோ வந்துவிடுகின்றது. பெரியோர் அதனைப் பொறுத்தருள்க.

நம் வீடுகளில் ஒருவர்க்கு ஐம்பது, ஐம்பத்தைந்து ஆயிற்றென்றால், அவர் கையிலுள்ள வேலைகளை ஒவ்வொன்றாக நாம் வாங்கிக்கொள்ளத் தொடங்குகின்றோம். "கடைத்தெருவிற்கு நீங்கள் ஏன் போகவேண்டும், அப்பா? தம்பி வண்டியிற் போய்வருவான்" என்று மூத்த மகன் சொல்கின்றான். "குடத்தை வையுங்கள், அத்தை, நான் எடுக்கின்றேன்" என்று மருமகள் ஓடி வருகின்றாள். மாடி ஏறவேண்டா என்கின்றோம். தோட்டத்தில் மண்வெட்டியைத் தொடவேண்டா என்கின்றோம். அறுபதாம் ஆண்டு நிறைவன்று சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கிவந்து, தொலைக்காட்சிப் பெட்டிக்கு எதிரே இட்டு, "இனி நீங்கள் ஓய்வாக இருங்கள்" என்று கூறி அடி பணிகின்றோம். இவை யாவும் அன்பினாற் செய்வனவே, அதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வன்பின் பயனை ஆராய்ந்து பார்ப்போமாயின், மூத்தோரை உட்காரவைப்பதே அவர்க்குச் செய்யும் மரியாதை என்னும் கொள்கை நம்மிடையே வேரூன்றி, அம்மரியாதையே அவர்தம் கால்களின் வன்மையைச் சிறிது சிறிதாகப் பறித்துவருகின்றது என்பது புலனாகும். இன்று யாம் கூற வந்த செய்தி இஃதொன்றே. ஏனைய யாவும் இதன் விரிவென்று கொள்க.

நம் முன்னோர் பொதியைத் தோளிற் சுமந்தும், மாட்டுவண்டியின் பின் நடந்தும் சந்தைக்குச் சந்தை சென்று பொருளீட்டினர். அவர் வழிவந்த நம்மவரிற் பெரும்பாலார் இன்று கடையிற் கல்லாவின் பின்னும், அலுவலகத்தில் மேசையின் பின்னும் அமர்ந்து வாழ்கின்றனர். காலை ஒன்பது மணிக்கு அமர்ந்த முதலாளி, உணவு வேளை நீங்கலாக, இரவு கடை கட்டும்பொழுதே எழுகின்றார். 'இருந்தவன் எழுந்திருக்குமுன் நின்றவன் நெடுந்தூரம் போவான்' என்னும் பழமொழியை நாம் வாணிகத்திற்கு உரியதாகவே எண்ணியுள்ளோம். உடலுக்கும் அஃது ஏற்கும் என்பதைப் பின்வரும் ஆராய்ச்சி காட்டும்.

இலண்டன் மாநகரில் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர், அந்நகரத்து இரண்டடுக்குப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஆராய்ந்தார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில், ஒரே நேரத்தில், ஏறத்தாழ ஒரே வகையான வாழ்க்கை நிலையில் இருந்தவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் இருக்கையிலேயே இருந்தார். நடத்துநரோ சீட்டுக் கொடுக்கும்பொருட்டு மேல் தட்டிற்கும் கீழ்த் தட்டிற்கும் படியேறி இறங்கிக்கொண்டிருந்தார். இதயத்து இரத்தக்குழாய் நோய் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடம் குறைவாகக் காணப்பட்டது. 1953-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாராய்ச்சிக்குப் பின்னரே, உடலுழைப்பிற்கும் இதய நலத்திற்கும் உள்ள தொடர்பை மருத்துவ உலகம் முறைப்படி ஆராயத் தலைப்பட்டது எனலாம். மாரிஸ் தாம் கண்ட உண்மையைத் தம் உடலிலும் கடைப்பிடித்து, 2009-ஆம் ஆண்டில் தம் தொண்ணூற்றொன்பதாம் வயதிற் காலமானார். கல்லாவில் அமரும் அன்பர்கள், அப்பேருந்தில் தாம் எவ்விருக்கையில் இருக்கின்றனர் என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

நிற்க. நடை உடலுக்கு என்ன செய்கின்றது? கெண்டைக்காற் சதை சுருங்கி விரியும்போது, காலில் தேங்கும் இரத்தத்தை மேல்நோக்கித் தள்ளுகின்றது. ஆதலின் அதனை இதயத்தின் துணைக்கருவி என்று கூறலாம். நடக்கும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் தனக்கு உணவாகக் கொள்கின்றது; உண்டபின் சிறிது நேரம் நடப்பார்க்குச் சர்க்கரையின் ஏற்றம் குறைவது இதனாலேயாம். நம் நாட்டில் நீரிழிவு உடையார் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்த பேராய்வு 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டது. இக்கூட்டத்திலேயே மாத்திரைப் பெட்டியைச் சட்டைப் பையிற் கொண்டு வந்துள்ளோர் பலர் என்பதைச் சொல்ல ஆராய்ச்சியும் வேண்டா.

அன்றியும், ஆண்டு செல்லச் செல்லத் தசை இளைக்கின்றது. பயன்படுத்தாவிடின் விரைந்து இளைக்கின்றது. தொடைத் தசை இளைத்தவர் தடுமாறினால் தம்மைத் தாங்கிக்கொள்ள மாட்டார். நம் சங்கத்துக் குடும்பங்களில், முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுக்கையிற் கிடக்கின்றார் என்னும் செய்தியை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். தரை ஈரமாயிருந்தது என்று அனைவரும் கூறுவர். பத்தாண்டு காலமாக அவர் கால்கள் வேலையின்றி இருந்தன என்பதை ஒருவரும் கூறார். முற்காலத்தில் நாம் தரையில் அமர்ந்து உண்டு, கையூன்றாது எழுந்தோம். நாளொன்றுக்கு இருபது முறை நிகழ்ந்த அப்பயிற்சி, உணவு மேசை வந்த அன்றே வீட்டைவிட்டு வெளியேறிற்று.

"ஐம்பதிற்குமேல் ஆகுமோ?" என்று வினவுவார்க்கு, நம் காவிரிக்கரையில் நிகழ்ந்த வரலாறே விடையளிக்கும். 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் நாள், ராஜாஜி அவர்கள் ஏறக்குறைய நூறு தொண்டரோடு திருச்சிராப்பள்ளியினின்றும் புறப்பட்டு, தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்து, ஏப்ரல் 28-ஆம் நாள் வேதாரணியம் அடைந்தார். சற்றேறக்குறைய 150 மைல் வழி, சித்திரை வெயில். நடப்பார்க்கு உணவும் இடமும் கொடுத்தலாகாது என்று அரசினர் அச்சுறுத்தியமையால், மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளிற் கட்டித் தொங்கவிட்டனர் என்பது யாவரும் அறிந்தது. அப்பொழுது ராஜாஜிக்கு வயது 51. அவர் மெலிந்த உடலினர், மல்லரல்லர். அதற்கு ஒரு திங்கள் முன்னர்த் தண்டி நோக்கி 24 நாளில் 240 மைல் நடந்த காந்தியடிகளுக்கு வயது 60. இருவர் நடையையும் கணக்கிட்டால் நாளொன்றுக்குப் பத்து மைல் அளவே ஆகும். விரைவு அவர்தம் நோக்கமாக இருந்ததில்லை. நாள் தவறாமையே அவர்களைக் கடற்கரை சேர்த்தது. நாம் உப்பெடுக்கச் செல்லவேண்டுவதில்லை. மருத்துவர் உப்பைக் குறைக்கவே சொல்கின்றார். ஆயினும் அந்நடையின் முறைமை நமக்கு உரியதாகும்.

இன்னும் பழையதோர் எடுத்துக்காட்டும் உண்டு. திருநாவுக்கரசு நாயனார் எண்பத்தோராண்டு வாழ்ந்தவர் என்பது மரபு. அவர் கையிலிருந்த கருவி யாது? கோயிற் புறத்துப் புல்லைச் செதுக்கும் உழவாரம். தளர்ந்த பருவத்தும் தலந்தோறும் நடந்து, வெயிலிற் குனிந்து, திருவீதியைத் தூய்மை செய்தார். திருப்பூந்துருத்தியின் அருகே, திருஞானசம்பந்தப் பிள்ளையார் முத்துச்சிவிகையில் எழுந்தருளி வந்தபோது, ஒருவரும் அறியாவண்ணம் கூட்டத்துட் புகுந்து அச்சிவிகையைத் தாங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அப்பர் எங்குளார் என்று பிள்ளையார் வினவ, சிவிகையின் கீழிருந்து விடை வந்தது. அப்பர் என்று பிள்ளையாரால் அழைக்கப்பெற்ற முதியவர் தோள் கொடுத்து நடந்தார். அவரை நாம் வணங்குவது அவர் உட்கார்ந்திருந்தமைக்காக அன்றே!

இனித் தாய்மார்களைப் பற்றிக் கூறவேண்டும்; இப்பகுதியே இன்று மிகவும் இன்றியமையாதது. ஆடவர் காலையில் நடக்கப் புறப்பட்டால் உடல்நலம் பேணுகின்றார் என்கின்றோம். ஐம்பத்தைந்து வயதுடைய அம்மையார் ஒருவர் தனியே ஆற்றங்கரை நோக்கிச் சென்றாலோ, "எங்கே புறப்பட்டுவிட்டீர்கள்?" என்று நான்கு வீட்டுத் திண்ணையிலிருந்து வினா எழுகின்றது. கையிற் பையும் பூக்கூடையும் இருந்தால் விட்டுவிடுவர்; வெறுங்கையோடு நடந்தால் விடார். "அடுப்பங்கரையில் நாள் முழுதும் நிற்கின்றாளே, அவளுக்கு நடை எதற்கு?" என்பாரும் உளர். வீட்டுவேலையும் உடலுழைப்பே, அதனை யாம் மறுக்கவில்லை. ஆயினும் புகையிலும் வெக்கையிலும் பிறர் பசிக்கேற்ப நிற்பது வேறு. தன் விருப்பிற்கேற்பக் கைவீசி வெளியே நடப்பது வேறு. முன்னதற்குப் பின் முதுகு வலிக்கின்றது. பின்னதற்குப் பின் உறக்கம் வருகின்றது.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, சராசரி 72 வயதுடைய பதினாறாயிரத்திற்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 2,700 அடி நடந்தோரைவிட, 4,400 அடி நடந்தோரிடம் இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. 7,500 அடி வரையிற் பயன் ஏறி, அதன்மேல் ஒரு நிலையாக நின்றது. பதினாயிரம் அடி நடந்தாலன்றிப் பயனில்லை என்று கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துக் கவலுவார் இதனை அறிக. அப்பதினாயிரம் என்னும் எண், 1965-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் விற்பனைக்கு வந்த அடியளவு கருவி ஒன்றின் பெயரினின்றும் பரவியதாகும். மூதாட்டியை நினைக்கும்போதே கோலூன்றி ஊரூராக நடக்கும் ஔவையை நினைக்கும் மரபு நம்முடையது. அம்மரபினராகிய நாம், நம் தாயாரைத் தெருக்கோடி வரையிற் செல்லவும் நாணச் செய்தல் தகுமோ?

எவ்வளவு நடக்கவேண்டும் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அளவு வகுத்துள்ளது. வாரம் ஒன்றுக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். நாளொன்றுக்கு அரைமணி வீதம் ஐந்து நாள் நடந்தால் அதன் கீழெல்லை நிறையும். வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும். அறுபத்தைந்தைக் கடந்தோர் விழாது நிற்கும் சமநிலைப் பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் செய்தல் நன்று. மிதமென்பதை அறிய எளிய வழி ஒன்றுண்டு: நடக்கும்போது அருகில் வருபவரோடு பேச முடியவேண்டும், பாட முடியாதிருக்க வேண்டும். வலுவூட்டும் பயிற்சிக்குக் கருவி எதுவும் வேண்டா. கையூன்றாது நாற்காலியினின்றும் பத்து முறை எழுந்தமர்தலும், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றலும் தொடக்கத்திற்குப் போதும்.

சில எச்சரிக்கைகளையும் கூறுதல் எம் கடமையாகும். இதய நோயுடையாரும், நெடுங்காலம் நடவாதிருந்தோரும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குக. நடையில் மார்பு வலியோ, மூச்சுமுட்டலோ, தலைச்சுற்றலோ தோன்றினால் உடனே நின்று, காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுக. நீரிழிவுடையார் வெறுங்காலுடன் நடத்தல் கூடாது. காலில் உணர்ச்சி குன்றியிருக்குமாதலின், வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்க. கோடையில் வெயில் ஏறுமுன் திரும்பிவிடுக. பெருஞ்சாலையில் இருளில் நடப்போர் வெண்ணிற ஆடை அணிந்து, எதிர்வரும் வண்டியைக் கண்டு நடக்கும் பக்கத்தைத் தெரிந்துகொள்க. கைத்தடி கொண்டு செல்வதற்கு நாணவேண்டா. அது காலுக்குத் துணை, நாய்க்கு அச்சம்.

இதுகாறும் கூறியது மருந்தைப்போல் நடக்கும் நடை. இனிக் கூறுவது விருந்தைப்போல் நடக்கும் நடை. மருந்தென்றே நடப்பவர் ஒரு திங்களில் விட்டுவிடுவர். கண்டு மகிழக் கற்றவர் விடார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிக் கூறுகின்றார். அப்பெயர்களை மாணாக்கர் மனப்பாடம் செய்து ஒப்பித்துவிடுகின்றனர். பள்ளிக்கு எதிரே நிற்கும் மரம் புன்னையோ புங்கோ என்று யாம் கேட்டால் விழிக்கின்றனர். அவர் பாட்டனாரும் அவ்வாறே விழிக்கின்றார். காவிரிக்கரையில் ஒரு கல் தொலைவு மெல்ல நடந்து பாருங்கள். பட்டை வெளுத்த மருதமரம் நீரை நோக்கிச் சாய்ந்து நிற்கும். நாணற்புதரில் நீலச் சிறகுடைய மீன்கொத்தி அம்புபோற் பாயும். உழுத வயலில் ஏரின் பின்னே கொக்குகள் நிரையாக நடக்கும். இக்காலத்தில் அவை டிராக்டரின் பின்னும் அவ்வாறே நடக்கின்றன. ஆடிப்பெருக்கிற் சிவந்து ஓடும் நீரையும், மாசியில் மணல்திட்டு வெளிப்பட்ட ஆற்றையும் ஒரே இடத்தில் நின்று கண்டவர்க்கு ஆண்டு என்பது நாட்காட்டித் தாளாக இராது. காலை வெளிச்சம் கண்ணிற் படுதல் இரவில் உறக்கம் வருவதற்கும் துணையாம். வாரம் ஒரு மரம், ஒரு பறவை என்று பெயரறிந்து வந்தால், ஓராண்டில் நம் ஊர் நமக்குப் புதியதோர் ஊராகும். பேரப்பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அப்பெயர்களைச் சொல்லிக்கொடுக்கும் பாட்டனாரைவிடச் சிறந்த ஆசிரியர் எப்பள்ளியிலும் இல்லை.

இவற்றைக் கேட்டுக் கைதட்டிக் கலைதல் போதாது. ஆதலின் சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோளை வைக்கின்றோம்.

முதலாவது: ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு நம் சங்கக் கட்டடத்து வாயிலினின்றும் புறப்படும் நடைக்குழு ஒன்று அமைக்கவேண்டும். ஒரு வாரம் ஆற்றங்கரை. ஒரு வாரம் பதினாறு மண்டபம் சூழ்ந்த மகாமகக் குளத்தைச் சுற்றிவரலாம். ஒரு வாரம் தாராசுரம் கோயில் வரையிற் செல்லலாம். தாய்மார்கள் இக்குழுவில் இன்றியமையாது இடம்பெறவேண்டும். பலர் சேர்ந்து நடந்தால், "எங்கே?" என்னும் வினா தானே ஓயும். ஆற்றங்கரை எல்லார்க்கும் பொதுவாதலின், நம் குலத்தாரென்னும் வரையறை இந்நடைக்கு வேண்டா. பக்கத்து வீட்டார் எவர் வரினும் உடன் நடப்பாராக.

இரண்டாவது: ஆண்டுக்கு இருமுறை குடும்பத்தோடு வெளிச்செலவு ஒன்று நிகழ்த்தவேண்டும். சுவாமிமலையின் அறுபது படிகளும் பிரபவ முதலிய அறுபது ஆண்டுகளைக் குறிப்பன என்பர். அறுபது நிரம்பியோர் அப்படிகளில் தாம் பிறந்த ஆண்டின் பெயரைத் தேடிக்கொண்டே ஏறுவாராக. மார்கழி, தை மாதங்களில் வேதாரணியம் சென்று, உப்பெடுத்த இடத்தைக் கண்டு, அதன் தெற்கே கோடியக்கரையில் பூநாரைகளையும் வெளிமான்களையும் காணலாம்.

மூன்றாவது, இளைஞர்களுக்கு: அறுபதாம் ஆண்டு நிறைவிற்குச் சாய்வு நாற்காலி வாங்கும் வழக்கத்தை இவ்வாண்டோடு நிறுத்துக. அதன் விலையில் அடிக்கு இதமான செருப்பு இரண்டு இணை, குடை ஒன்று, கைத்தடி ஒன்று, தாய்க்கும் தந்தைக்குமாக வாங்கலாம். மீதியும் நிற்கும். கடைத்தெரு வேலையை அவரிடமிருந்து பிடுங்காதீர். நேரமிருப்பின் உடன் நடந்து செல்லுங்கள். வண்டியிற் செல்லும்போது தந்தையோடு பேச முடியாத பல செய்திகளை நடக்கும்போது பேசலாம்.

மூத்தோரே, உங்கள் பிள்ளைகள் "உட்காருங்கள்" என்று அன்போடு கூறும்போது, "போய்வந்து உட்காருகின்றேன்" என்று விடை கூறுங்கள். வரும் ஞாயிறு காலை ஆறு மணிக்கு யாம் சங்க வாயிலில் நிற்போம். ஒருவர் வரினும் புறப்படுவோம்.

இறைவன் திருவருளால் நம் சங்கத்து முதியோர் யாவரும் நடந்து வாழ்வாராக.